உஷாவும் இத்தாலிக்காரனும்

உஷாவைப் பத்தி எஸ்டேட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. தங்கமான பொம்பளைம்பாங்க, கல்நெஞ்சுக்காரிம்பாங்க. ரெண்டையும் நம்பாதீங்க. அவ வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருதான். அவ அடுப்புல பருப்பு தீஞ்சா அவளுக்கு முந்தி எனக்குத் தெரியும். இருபது வருசமா அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறவ சொல்றேன், கேளுங்க. நடுவுல எனக்குக் கோவம் வரும். வந்தா ரெண்டு வார்த்தை கூடத்தான் விழும், பொறுத்துக்கணும்.

பந்தலூருக்கும் தேவாலாவுக்கும் நடுவுல இருக்கு எங்க எஸ்டேட்டு. எங்க அப்பன் ஆத்தா எல்லாம் சிலோன் தோட்டத்துல இருந்து வந்தவங்க, நாங்க இங்கயே பொறந்தவங்க. உஷா கூடலூருக்கு பஸ்ஸுல போய் பிளஸ் டூ வரைக்கும் படிச்சா. நர்சுக்குப் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நடக்கல. பத்தொம்பது வயசுல ஆறுமுகசாமிக்குக் கட்டி வச்சுட்டாங்க. அவரு ஃபேக்டரியில கொழுந்து வாட்டுற இடத்துல வேலை. காலையில ஒரு வார்த்தை, சாயங்காலம் ஒரு வார்த்தை பேசினா அன்னிக்கு நிறையப் பேசிட்டாருன்னு அர்த்தம். ஒரே மக, தீபலட்சுமி. கோயமுத்தூர்ல காலேஜு.

கொஞ்ச வருசம் உஷாவும் எங்களோட கூடை சுமந்தா. அப்புறம் பிள்ளைக்காம்பராவுக்கு ஆளு வேணும்னு எடுத்துக்கிட்டாங்க. பிள்ளைக்காம்பரான்னா வேற ஒண்ணுமில்லைங்க, கொழுந்து பறிக்கப் போறவங்க கைப்பிள்ளைங்களை விட்டுட்டுப் போற இடம். இப்ப வெளிய க்ரெச்சுன்னு போர்டு மாட்டியிருக்காங்க, அந்தப் பேரை யார் சொல்றா. வரிசையா தூளி தொங்கும். மழை நாளைக்கு உள்ள பால் வாசமும் மூத்திர வாசமும் ஒண்ணா அடிக்கும். அந்த இடத்துக்கு உஷாதான் மகாராணி. தூளியில ஒண்ணு வீல்னு கத்துச்சுன்னா, எட்டிப் பார்க்காமயே இது பசி, இது காதுவலின்னு சொல்லிருவா. நர்சு ஆகாத ஏக்கத்தை எல்லாம் அந்தப் பிள்ளைங்க மேல கொட்டினா. சொல்லிக்கணும்ல, என் பேத்தியும் அவ தூளியில வளந்ததுதான்.

இதுல வந்து சேர்ந்தவதான் ஷண்முகப்ரியா. ஆறுமுகசாமியோட தம்பி சிவகுரு இருக்கானே, அவனுக்குப் பொண்ணு தேடி அலைஞ்சப்ப, கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டுல இருந்து இந்தப் பிள்ளையைக் கண்டுபிடிச்சு வந்ததே உஷாதான். ஒல்லியா, சிரிச்ச முகமா, எதுக்கெடுத்தாலும் அக்கா அக்கான்னு சுத்தி வரும். சிவகுரு கேரளாவுல கட்டட வேலைக்குப் போயிட்டு சனிக்கிழமைதான் வருவான். மத்த நாளெல்லாம் அந்தப் பிள்ளை கீழ் லயத்துல, அதான் கீழ இருக்கிற லைன் வீட்டு வரிசையில, தனியா. அந்த லயத்துக்குப் பின்னாடி சதுப்பு, சதுப்பு தாண்டினா காடு.

கட்டபெட்டுல காட்டெருமையைப் பார்த்து வளந்தவளுக்கு ஆனையைப் பத்தி என்ன தெரியும்? உஷாதான் சொல்லிக் கொடுத்தா. வாசம் எப்படி இருக்கும், மூங்கில் முறியிற சத்தத்துக்கும் ஆனை கிளை முறிக்கிற சத்தத்துக்கும் என்ன வித்தியாசம், பலாப்பழக் காலத்துல எந்த மரத்துக்குப் பக்கத்துல போகக் கூடாது, எல்லாம். முக்கியமா மிஸ்டு கால். எங்க லயத்துல அது ஒரு சட்டம் மாதிரி. யார் ஆனையை முதல்ல பார்க்கிறாங்களோ, அடுத்த வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கணும். அவங்க அதுக்கு அடுத்த வீட்டுக்கு. பேச வேண்டியதில்லை. மணி அடிச்சு நின்னா ஆனை இறங்கியிருக்குன்னு அர்த்தம், கதவைச் சாத்து. ஆனை எப்பவும் சதுப்பு வழியாத்தான் ஏறும். அதனால முதல் கால் ப்ரியா வீட்டுல இருந்து உஷாவுக்கு, உஷா வீட்டுல இருந்து எனக்கு, அப்படியே மேல போகும். "என்ன ஆனாலும் போனை மட்டும் அடி. கதவைத் திறந்துகிட்டு நீ வெளிய வந்தா காலை ஒடச்சுருவேன்"னு உஷா விரலை ஆட்டிச் சொன்னது என் காதுல இன்னும் இருக்கு.

பிள்ளைக்காம்பராவுல இன்னொரு ஆளு வேணும்னப்ப, ப்ரியாவை உள்ள கொண்டுபோனதும் உஷாதான். அங்கதான் வினை ஆரம்பிச்சுது. பேப்பர் கப்புல கண்ணு வாய் வரைஞ்சு பொம்மை செய்வா அந்தப் பிள்ளை. மாறி மாறிக் குரல் மாத்திக் கதை சொல்லுவா. கொஞ்ச நாள்ல என்னாச்சு, காலையில பிள்ளையைக் கொண்டுவர்ற தாய்மாருங்க, உஷா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கையிலயே, "ப்ரியா எங்க?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்களும் அவகிட்டத்தான் தாவுச்சுங்க. எஸ்டேட்டுக்குப் புதுசா வந்த சின்னதொரை, அதான் அசிஸ்டென்ட் மேனேஜர், அலன்னு பேரு, மீசை கூடச் சரியா முளைக்காத பையன், ஒரு நாள் வந்து பார்த்துட்டு, "இவங்களைக் குன்னூருக்கு ட்ரெயினிங் அனுப்பலாமே"ன்னு சொல்லிட்டுப் போனான். இவங்களைன்னா ப்ரியாவை. அன்னிக்கு சாயங்காலம் சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்த சத்தத்தை வச்சே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் பாருங்க இத்தாலிக்காரன்.

தீபலட்சுமி காலேஜுல அரசியல் பாடம் படிக்குது. லீவுக்கு வந்தப்ப, அவ போன்ல நெட்டு தீந்துபோச்சுன்னு அம்மா போன்ல ஏதோ பாடம் கேட்டிருக்கு. ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இத்தாலி தேசத்துல ராஜாங்க உத்தியோகம் பார்த்த ஒருத்தன், ராஜா நாற்காலியைக் காப்பாத்திக்கிறது எப்படின்னு எழுதி வச்சிருக்கானாம். பிள்ளை பரீட்சை எழுதிட்டு மறந்து போச்சு. போன் மறக்கல. ஒண்ணு கேட்டா ஒம்பது அனுப்பும்ல அது. கோட்டுப் போட்ட ஒருத்தன் தமிழ்ல உட்காந்துகிட்டு, அந்த இத்தாலிக்காரன் ராஜாவுக்குச் சொன்னதை எல்லாம் நாத்தனாருக்கும் மாமியாருக்கும் ஆபீசுக்கும் எப்படிப் பொருத்துறதுன்னு தினம் ஒரு பேச்சு. உஷா காதுல வயரை மாட்டிக்கிட்டுப் பால் காய்ச்சுவா, வயரை மாட்டிக்கிட்டு நடப்பா. நான் பேசினா ஒரு பக்கத்தைக் கழட்டிட்டு "ஆங்?"ன்னுவா.

"என்னடி அப்படிக் கேட்குற?"ன்னேன்.

"மாரியக்கா, நாம யாரைக் கைதூக்கி விடுறமோ, அவங்களாலதான் நமக்கு ஆபத்தாம். எம்புட்டுச் சரியாச் சொல்லியிருக்கான் பாருங்க."

"யாரு?"

"இத்தாலிக்காரன்."

"அவனுக்கு உன்னைத் தெரியுமா?"

சிரிக்கல. சிரிச்சிருக்கணும். சிரிக்காதப்பவே நான் அந்த வயரைப் பிடுங்கி அடுப்புல போட்டிருக்கணும்னு இப்பத் தோணுது.

அதுக்கப்புறம் அவ நடந்துகிட்டது ஒவ்வொண்ணும் அவன் சொன்னபடி. நல்லவளா இருக்கிறது கஷ்டம், நல்லவளாத் தெரிஞ்சா போதும்னானாம். உடனே ஊரே பார்க்க, காலையில பேர் கூப்பிடுற களத்துல வச்சு ப்ரியாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தா. அந்தப் பிள்ளை கண்ணு கலங்கிக் கால்ல விழுந்துச்சு. வீட்டுல வச்சு அவளோட ஒரு வாய் டீ குடிக்கிறதை விட்டுட்டா. நல்லதைச் சொட்டுச் சொட்டாக் கொடு, கெட்டதை ஒரே தடவையில முடிச்சுருன்னானாம். எனக்கு அப்பப்பச் சொல்லுவா இதை எல்லாம், ஏதோ சமையல் குறிப்பு சொல்ற மாதிரி. நான் தலையை ஆட்டிட்டுப் போயிருவேன். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி செத்தவன் எங்க லயத்துல வந்து என்னத்தைக் கிழிச்சுருவான்னு நினைச்சேன்.

கிழிச்சான். வசந்தகுமார்னு கொழுந்து லாரி ஓட்டுறவன், அவன் மகனுக்கு ஒன்றரை வயசு, ஒரு இடத்துல நிக்காது. ஒரு நாள் ஜன்னலோரம் கிடந்த பெஞ்சுல ஏறி விழுந்து நெத்தி பொளந்து போச்சு. தையல் போட்டாங்க. ப்ரியா ஸ்டோருக்குப் பால் பவுடர் வாங்கப் போயிருந்தா. "யார்கிட்டயும் சொல்லாம பிள்ளைங்களை விட்டுட்டுப் போயிட்டா. நான் பின்னாடி துணி அலசிக்கிட்டிருந்தேன், அவ பார்த்துக்குவான்னு நம்பித்தான் போனேன்"னு உஷா சின்னதொரைகிட்டச் சொன்னா. தாய்மாருங்க அத்தனை பேர் முன்னாடியும் ப்ரியாவை ஒரு வாங்கு வாங்கினா. அந்தப் பிள்ளை, "சொல்லிட்டுத்தானக்கா போனேன்"னு ஒரே ஒரு தடவை சொல்லுச்சு. உஷா அவ முகத்தைப் பார்க்கல. மறுநாள்ல இருந்து ப்ரியாவைக் கொழுந்துக்கு அனுப்பிட்டாங்க. தேயிலைச் செடி வரிசையில என் நிரைக்கு அடுத்த நிரைதான் அவளுக்கு. பழக்கமில்லாத கை, விரல் எல்லாம் வெடிச்சு ரத்தம். யாரையும் ஒரு சொல்லு குறை சொல்லல.

சரி, சண்டை போட்டிருந்தாலாவது உஷாவுக்கு நிம்மதியா இருந்திருக்கும். அந்தப் பிள்ளை சண்டையே போடல. ஞாயித்துக்கிழமை குழம்பு கொண்டுவந்து வாசல்ல வைக்கும். சாயங்காலம் ஆனா போன் பண்ணும், "அக்கா சாப்டீங்களா?"ன்னு. தினமும் அதே கேள்வி. உஷா "ம்"னு வச்சுருவா. வச்சுட்டு ரொம்ப நேரம் சுவத்தைப் பார்த்து உட்காந்திருப்பா. விழுத்தின ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டா அது என்னிக்காவது திருப்பி அடிக்கும், அடியோட வெட்டி விட்டுருன்னு அந்தக் கோட்டுக்காரன் ஒரு நாள் பேசியிருக்கான். வெட்டி விட்டா. போன்ல ப்ரியா நம்பரை பிளாக் பண்ணிட்டா. ஆனைக்கு அந்த நம்பர்தான் கதவுமணின்னு அவளுக்கு அந்த நேரம் ஞாபகமே வரலயாம். அதைத்தான் அவ அப்புறம் ஆயிரம் தடவை சொன்னா. எனக்கு அது அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கதையே வேற.

ஆடி பிறக்கப் போற சமயம். பலாப்பழம் பழுத்து விழுற காலம். விடிஞ்சும் விடியாம ஒரே மூட்டம், தகரத்து மேல மழை. நான் அடுப்புப் பத்த வச்சுக்கிட்டிருக்கேன், போன் அடிக்குது. ப்ரியா. மிஸ்டு கால் இல்லை, விடாம அடிக்குது. எடுத்தா மூச்சு வாங்குது அவளுக்கு.

"மாரியக்கா, படிக்கட்டுப் பலாவுக்கிட்ட நிக்குது. அக்காவுக்குப் போன் போகல. இப்ப கிளம்பிருவாங்க. கொஞ்சம் கத்துங்கக்கா."

கதவைத் திறந்து பார்க்குறேன், உஷா ஏற்கனவே கிளம்பிப் படிக்கட்டுல பாதி இறங்கிட்டா. பிள்ளைக்காம்பராவைத் திறந்து பால் காய்ச்சணும்ல, தினம் அந்த நேரம்தான். பிளாஸ்டிக் கொங்காணியைத் தலையோட போத்தியிருக்கா. தொண்டை கிழியக் கத்தினேன். உஷா, உஷான்னு. திரும்பல. மழைச் சத்தம்னு நினைச்சேன். மழை இல்லைங்க. காதுல இத்தாலிக்காரன்.

அவளுக்குக் கீழ, மூட்டத்துக்குள்ள, பலா மரத்தை ஒட்டிக் கறுப்பா ஒண்ணு அசையிறது எனக்கு மேல இருந்து தெரியுது. அவளுக்குத் தெரியல. அப்பத்தான் கீழ இருந்து டங்கு டங்குன்னு தட்டு அடிக்கிற சத்தம். ப்ரியா. சோத்துத் தட்டு ஒரு கையில, கரண்டி ஒரு கையில, தட்டிக்கிட்டே படியில ஏறி ஓடி வர்றா. வெறுங்காலு. ஆனை சத்தம் வந்த பக்கம் திரும்புச்சு. உஷாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இவ பக்கம். அது ரெண்டு எட்டு வச்சதும் இவ படிக்கட்டோரம் இருக்கிற கல்லுக்கட்டுல இருந்து கீழ ஓடையில குதிச்சா. குதிச்சாளோ விழுந்தாளோ. ஆனை தட்டு உருண்ட பக்கம் பார்த்து ஒரு தடவை பிளிறிட்டு, தேயிலைக்குள்ள இறங்கிப் போயிருச்சு. உஷா நின்ன இடத்துல நிக்குறா. ஒரு காதுல இருந்து வயரு தொங்குது.

எஸ்டேட்டு ஜீப்புலதான் கூடலூர் போனோம். ப்ரியா தலை என் மடியில. வலது கால் எலும்பு வெளிய தெரியுது, சேலையைக் கிழிச்சுக் கட்டியிருந்தோம். எதிர்ல உஷா. ப்ரியா காலைப் பார்க்குறா, முகத்தைப் பார்க்குறா, திரும்பக் காலைப் பார்க்குறா. ஜீப் ஓட்டின பையன், "ஏன்க்கா, மிஸ்டு கால் வரலையா?"ன்னு கேட்டான். ப்ரியாதான் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பதில் சொன்னா.

"டவர் போயிருச்சுண்ணா. மழையில்ல."

அப்படித்தான் ஊருக்கே தெரியும். டவர் போயிருச்சு. இன்னிக்கும் பாதிப் பேர் அந்த டவர்க்காரனைத்தான் திட்டுறாங்க. என் போன் மட்டும் அடிச்சுதேன்னு எனக்குத் தோணத்தான் செஞ்சுது, உஷா சிம்மு வேற கம்பெனியா இருக்கும்னு விட்டுட்டேன்.

அங்க இருந்து கோயமுத்தூருக்கு அனுப்பினாங்க. ஆபரேசன் நடக்கையில வராந்தாவுல நானும் உஷாவும். திடீர்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "டவர் போகலக்கா. நான்தான் அவ நம்பரை பிளாக் பண்ணியிருந்தேன்"ன்னா. எனக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் கன்னத்துல ஒண்ணு வைக்கக் கை தூக்கிட்டேன். சுத்தி நோயாளிங்க இருந்ததால விட்டேன், இல்லேன்னா வச்சிருப்பேன். "இன்னும் இருக்குக்கா"ன்னா. வசந்தகுமார் மகன் விழுந்தப்ப அவ துணி அலசலையாம். ப்ரியா சொல்லிட்டுத்தான் போயிருக்கா, இவளும் தலையை ஆட்டியிருக்கா. ஆட்டிட்டுப் பின்பக்கம் உட்காந்து வயரை மாட்டிக் கேட்டுக்கிட்டிருந்திருக்கா. பிள்ளை கத்தினதே காதுல விழல. அழுகையை வச்சே வியாதி சொல்றவளுக்கு.

"நான் நாசமாப் போயிட்டேன்க்கா"ன்னு அழுதா.

"நீ எங்கடி போன, நல்லாத்தான உட்காந்திருக்க. கால் போனது அவளுக்கு"ன்னேன். எனக்கு அன்னிக்கு இரக்கமே வரல.

இரும்பு வச்சுக் கட்டி ரெண்டு மாசம் கழிச்சு ப்ரியா வந்தா. ஒரு கால் கொஞ்சம் குட்டையாப் போச்சு. கையில கம்பு. சரிவுல நின்னு கொழுந்து பறிக்க இனிமே முடியாது. உட்காந்து செய்ற வேலைன்னா எஸ்டேட்டுல ஒண்ணே ஒண்ணுதான் அவளுக்கு ஆகும். பிள்ளைக்காம்பரா. சிவகுரு போய்ச் சின்னதொரைகிட்டக் கேட்டான். அவன் சங்கடமா, "பிள்ளையை விழவிட்ட ரிப்போர்ட் இருக்கே, தாய்மாருங்க ஒத்துக்கணுமே"ன்னு சொல்லி அனுப்பிட்டான். வேலை இல்லேன்னா லயத்து வீடும் இல்லை, அது உங்களுக்குத் தெரியும்ல. கட்டபெட்டுல அவ அம்மா வீட்டுக்கே போயிரலாம்னு சிவகுரு சாமான் கட்ட ஆரம்பிச்சான். அங்கயும் என்ன இருக்கு, ஒத்த ரூம்பு, ரெண்டு தம்பிங்க.

உஷா வாயைத் திறந்தா அந்தப் பிள்ளைக்கு வாழ்வு. திறந்தா இவளுக்கு அந்த நாற்காலி போச்சு, மானம் போச்சு, நாப்பத்தி மூணு வயசுல திரும்பக் கூடை தூக்கணும். அந்த வாரம் பூரா சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வயரை அடுப்புல போட்டுட்டா, அந்த நாத்தம் என் வீடு வரைக்கும் வந்துச்சு. ஓடையில கிடந்த ப்ரியாவோட தட்டை எடுத்துட்டு வந்து வச்சிருக்கா, நெளிஞ்சு போன தட்டு, அதுல சோத்தைப் போட்டுக்கிட்டு உட்காந்திருப்பா. திங்கமாட்டா. பார்க்கையில எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. தட்டைப் பார்த்து அழுதா அவளுக்குக் கால் வருமா?

"என்னடி யோசிக்கிற, இத்தாலிக்காரனைக் கேட்கணுமா?"ன்னேன்.

"அவன் என்ன சொல்லுவான்னு தெரியும்க்கா. வாயைத் திறக்காதம்பான்."

"நீ?"

"எனக்குப் பயமா இருக்கு."

சாமான் ஏத்த ஜீப் சொல்லியாச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்குக் காலையில, பேர் கூப்பிடுற களத்துல, எல்லாரும் கூடையோட நிக்கையில உஷா நடுவுல போய் நின்னா. சேலை குடுத்தாளே, அதே இடம். வசந்தகுமார் பெண்டாட்டியைப் பார்த்து, "உன் மகன் விழுந்தது என்னாலதான். ப்ரியா சொல்லிட்டுத்தான் போனா. நான் போனைக் கேட்டுக்கிட்டு உட்காந்திருந்தேன், பழியை அவ மேல போட்டேன்"ன்னா. அப்புறம் அந்தப் பொம்பளை பேசின பேச்சு இருக்கே, அதை நான் திருப்பிச் சொன்னா என் வாய் நாறும். காறித் துப்பினவங்களும் உண்டு. உஷா துடைக்கக் கூட இல்லை. சின்னதொரை என்ன செய்றதுன்னு தெரியாம பேனாவை மூடித் திறந்து மூடிக்கிட்டிருந்தான். ஆறுமுகசாமி பின்னாடி இருந்து வந்து அவ கூடைக்குக் கயிறு கட்டிக் கொடுத்தாரு.

அன்னிக்கு சாயங்காலம் என்னைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு ப்ரியா வீட்டுக்குப் போனா. கட்டின மூட்டை எல்லாம் பாதி அவிழ்த்துக் கிடந்துச்சு. பிள்ளைக்காம்பராவுலயே வேலைன்னு நல்ல சேதி அதுக்குள்ள வந்து சேர்ந்திருக்கு. ப்ரியா காலை நீட்டிக் கட்டில்ல இருந்தா. உஷா தரையில உட்காந்து, அந்த நெளிஞ்ச தட்டை முன்னாடி வச்சா.

"ப்ரியா, இன்னொண்ணு இருக்கு. அன்னிக்கு டவர் போகல."

"தெரியும்க்கா."

"உன் நம்பரை நான்..."

"தெரியும்க்கா. டவர் இல்லேன்னா போனுக்குள்ள இருக்கிற அந்தக் கேரளாப் பொம்பளை மலையாளத்துல பேசும். உங்க நம்பருக்கு அடிச்சா பாதி மணியிலயே கட்டாகும். ரெண்டு வாரமா அப்படித்தான். அன்னிக்கும் ஒரு தடவை அடிச்சுப் பார்த்தேன்."

ஜீப்புல, எலும்பு வெளிய தெரியுற காலோட, டவர் போயிருச்சுன்னு சொன்ன பிள்ளை இது. தெரிஞ்சே சொல்லியிருக்கு.

"தெரிஞ்சுமா வந்த? போனை மட்டும் அடி, எதுக்கும் வெளிய வரக் கூடாதுன்னு நான்தானடி சொல்லியிருந்தேன்."

"போன் போகாதுன்னு தெரிஞ்சதாலதான் வந்தேன். வேற எப்படிச் சொல்றது?"

வெளிய மழை பிடிச்சுக்கிச்சு. உஷா அவ காலைத் தொடப் போனா. ப்ரியா காலை இழுத்துக்கிட்டா. அந்த ஒரு நொடியில அவ முகத்துல சிரிப்பு இல்லை.

"என் மேல கோவமே இல்லையா உனக்கு?"ன்னு கேட்டா உஷா.

"இருக்குக்கா. நிறைய இருக்கு. கால் வலிக்கிறப்ப எல்லாம் வருது. இப்பத் திட்டினா கண்டபடி வந்துரும். கொஞ்சம் ஆறட்டும், ஒரு நாள் உட்கார வச்சு நல்லாத் திட்டுறேன்."

இது நடந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ப்ரியா பிள்ளைக்காம்பராவுல உட்காந்திருக்கா, சுத்திப் பேப்பர் கப்பு. உஷா என் பக்கத்து நிரையில கொழுந்து பறிக்கிறா. மதியம் எல்லாரும் பிள்ளையைப் பார்க்கப் போறப்ப இவ போறதில்லை, தேயிலை ஓரத்துல உட்காந்து டீ குடிக்கிறா. ஏதாவது தூளியில அழுகைச் சத்தம் காத்துல வந்தா தலையைத் தூக்குவா, "காதுவலி"ம்பா தனக்குத்தானே, குனிஞ்சுக்குவா.

சாயங்காலப் போன் இப்பவும் வருது. "அக்கா சாப்டீங்களா?" முதல் மணியிலயே எடுத்துருவா. குளிக்கையில கூடப் போனைப் பிளாஸ்டிக் பையில கட்டிக் கூட வச்சுக்கிறா. ஞாயித்துக்கிழமை ஆனா கீழ் லயத்துக்குப் போயிருவா. வெங்காயம் உரிப்பா, துணி துவைப்பா, எல்லாம் முடிச்சுட்டு வாசப்படியில சும்மா உட்காந்திருப்பா. ப்ரியா பேசுவா, சிரிப்பா, சிவகுருவைக் கிண்டல் பண்ணுவா. திட்ட மட்டும் மாட்டேங்குறா. போன வாரம் வர்ற வழியில கேட்டேன், எதுக்குடி இருட்டுற வரைக்கும் அங்கயே உட்காந்திருக்கன்னு.

"இன்னிக்காவது திட்டுவாளான்னு பார்த்தேன்க்கா"ன்னா.